அயர்ன் ஃபிளேம் பாதியில் நிற்கிறது: ரொமான்டசி, டார்க் ரொமான்ஸில் அடுத்து எதை எடுக்கலாம்?

கார்த்திகைப்பூ:

ரெபெக்கா யாரோஸின் 'ஃபோர்த் விங்' ரொமான்டசி, அதாவது காதலும் மாயாஜாலமும் கலந்த நாவல். ஒரே மூச்சில் ஓடிவிட்டது. அதே வேகத்தில் எடுத்த இரண்டாம் பாகம் 'அயர்ன் ஃபிளேம்' இருநூறு பக்கம் தாண்டி அப்படியே நிற்கிறது. தொடர்ந்து படித்தால் கதை எழுந்துவிடுமா? எழும் என்றால் எந்த இடத்தில்? முடித்தவர்கள் சொல்லுங்கள்.

கூடவே சில சந்தேகங்கள். 'எ கோர்ட் ஆஃப் தோர்ன்ஸ் அண்ட் ரோஸஸ்' முதல் பாகம் சுமார்தான். இரண்டாம் பாகம் வேறு தரம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், உண்மையா? அடுத்தது, இருண்ட கதை வேண்டும்: பயம், பழி, சாவு எல்லாம் சரி. ஆனால் பலாத்காரத்தைக் காதல் என்று எழுதியிருந்தால் வேண்டாம். அப்படிப் பார்த்தால் 'ஹாண்டிங் ஆட்லைன்' எடுக்கலாமா? கடைசியாக, வீட்டு அலமாரியிலிருந்து பதினைந்து வயதுப் பிள்ளையும் எடுத்துப் படிக்கும். அவளுக்கு எதைத் தரலாம், எதை மேல்தட்டில் வைக்க வேண்டும்?

முக்கியத் திருப்பங்களை உடைக்காமல் காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

தாழ்வாரம்:

நீங்கள் நிற்பது பலரும் நிற்கிற இடம்தான். குறை உங்கள் பொறுமையில் இல்லை, நாவலின் கட்டுமானத்தில் இருக்கிறது.

2023 மே மாதம் வந்த ஃபோர்த் விங் ஏன் அப்படி ஓடியது என்று பாருங்கள். பாஸ்கியாத் போர்க்கல்லூரியில் கதாநாயகி வயலட்டுக்கு முன்னால் ஆபத்துகள் படிப்படியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. முதல் நாளே தலைசுற்றும் உயரத்தில் குறுகலான கல்மதில் மேல் நடக்க வேண்டும். அப்புறம் காண்ட்லெட் தடைப்பாதை, அப்புறம் டிராகன்கள் ஆளைத் தேர்ந்தெடுக்கும் த்ரெஷிங். ஒவ்வொரு படியிலும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: பிழைப்பாளா, மாட்டாளா? மதிலில் ஏறுவதற்கு முன் வரும் ஒரு சின்னச் செயல் எனக்கு அந்த நாவல் முழுவதற்கும் சாவி. வழுக்காமல் இருக்க ரப்பர் அடி வைத்த பூட்ஸை அக்கா மீரா கொடுத்திருப்பாள். வரிசையில் நிற்கும் ரியானனின் பூட்ஸ் வழுக்கும் என்று கண்டதும் வயலட் தன்னுடையதில் ஒன்றைக் கழற்றி அவளுக்குக் கொடுத்து, அவளுடையதில் ஒன்றைத் தான் மாட்டிக்கொள்வாள். ஆளுக்கு ஒரு காலில் மட்டும் பிடிமானம். அறிமுகமான சில நிமிடத்தில் தன் உயிரில் பாதியை எடுத்து நீட்டுகிறவள் இவள் என்பது அங்கேயே தெரிந்துவிடும். விளக்கம் ஒரு வரி கிடையாது.

அயர்ன் ஃபிளேமில் அந்தப் படிக்கட்டு இல்லை. இரண்டாம் ஆண்டில் வயலட்டின் வேலை ஒரு ரகசியத்தைக் காப்பாற்றுவது. ரகசியம் காப்பது வெளியில் தெரியாத வேலை, பக்கத்தை நகர்த்தாது. போதாததற்கு, காதலன் ஸேடனின் டிராகனும் வயலட்டின் டிராகன் டெய்ரனும் ஜோடி. சில நாட்களுக்கு மேல் பிரிந்திருக்க முடியாது. அதனால் எல்லைக் காவலில் இருக்கிற அவனும் கல்லூரியில் இருக்கிற அவளும் முறைவைத்துச் சந்தித்தாக வேண்டும். ஆசிரியர் ரெபெக்கா யாரோஸ் முதல் பாகத்தில் அழகாக வைத்த விதி அது. இரண்டாம் பாகத்தில் அதுவே அட்டவணையாகிவிட்டது. ஒவ்வொரு சந்திப்பிலும் அதே சண்டை: "நீ கேள், சொல்கிறேன்" என்பான் அவன். "நான் கேட்காமலே நீ சொல்ல வேண்டும்" என்பாள் அவள். முதல் தடவை இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது, நன்றாகவும் எழுதப்பட்டிருக்கிறது. நான்காவது தடவை வரும்போது ஒருவரைப் பற்றியும் புதிதாக ஒன்றும் தெரிவதில்லை.

எனவே இப்படிப் படியுங்கள். சந்திப்பு அத்தியாயங்களை வேகமாக ஓட்டலாம், நஷ்டமில்லை. ஆனால் முதல் காவல் அரண்கள் எப்படி எழுப்பப்பட்டன என்று வயலட் பழைய ஏடுகளில் தேடும் பகுதிகளையும், பிடிபட்டால் சித்திரவதையைத் தாங்கும் பயிற்சி வரும் பகுதிகளையும் தாண்டவே தாண்டாதீர்கள். கடைசி நூறு பக்கத்தின் கனம் முழுவதும் அங்கேதான் கட்டப்படுகிறது. நாவல் இரண்டு பகுதியாகப் பிரிந்திருக்கும். களம் அரேஷியாவுக்கு மாறும் இரண்டாம் பகுதியில் வேகம் திரும்பிவிடும், முடிவு பலமானது.

2025 ஜனவரியில் வந்த 'ஆனிக்ஸ் ஸ்டார்ம்' வேறு மாதிரிச் சிரமம் தரும். தீவு தீவாகப் பயணம், தீவுக்கொரு தெய்வம், தெய்வத்துக்கொரு நடைமுறை. பெயர்கள் குவியும். ஒரு துண்டுத்தாளில் தீவின் பெயர், தெய்வம், யார் யார் போனார்கள் என்று மூன்றே வார்த்தை குறித்துக்கொண்டே போனால் பின்பாதியில் தடுமாற்றம் இருக்காது. மொத்தம் ஐந்து பாகம் என்று ஆசிரியர் அறிவித்த தொடர் இது. மூன்றாவதை மூடும்போது கதை அந்தரத்தில் நிற்கும் என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

ஒன்றை மட்டும் இந்தத் தொடரின் எதிரிகளும் ஒப்புக்கொள்ள வேண்டும். வயலட்டின் மூட்டுகள் சட்டென்று நழுவும், எலும்பு எளிதில் முறியும். ஆசிரியருக்கே ஏலர்ஸ்-டான்லோஸ் என்ற இணைப்புத்திசுக் கோளாறு இருக்கிறது, எழுத்தில் அது தெரிகிறது. மந்திரம் வந்து அவள் உடம்பைச் சரிசெய்துவிடுவதில்லை. காலையில் முழங்காலில் கட்டுப் போடுகிறாள், டிராகன் மேல் உட்காரச் சேணம் தேவைப்படுகிறது. வீரசாகசக் கதையில் கதாநாயகியின் உடம்பைக் கடைசிவரை ஞாபகம் வைத்திருக்கிற எழுத்து அபூர்வம்.

மையிருட்டு:

நீங்க சொன்ன நிபந்தனைப்படி பார்த்தா 'ஹாண்டிங் ஆட்லைன்' வேண்டாம். நேராவே சொல்லிடறேன். எச். டி. கார்ல்டன் 2021ல சொந்தமா வெளியிட்ட நாவல் அது. கதாநாயகன் ஸேட் பெண்ணைப் பின்தொடர்ந்து வீட்டுக்குள்ள புகுந்து மிரட்டறவன். சம்மதமில்லாத உறவுக் காட்சிகள் வெளிப்படையா, நீளமா இருக்கு. அதுவும் முதல் பாகம் பாதியில அறுந்து நிக்கும். 2022ல வந்த 'ஹண்டிங் ஆட்லைன்' ஆள்கடத்தல், சித்திரவதைன்னு இன்னும் கடுமையா போகும். ஒண்ணை எடுத்தா ரெண்டையும் படிச்சாகணும்.

எனக்கு அதுல இருக்கிற பிரச்சனை இருட்டு இல்லை. ஸேட் இன்னொரு பக்கம் பெண்களையும் குழந்தைகளையும் கடத்தறவங்களை வேட்டையாடறான். அந்த நல்ல காரியத்தை எடுத்து, ஆட்லைன்கிட்ட அவன் செய்யறதுக்கு மேல போர்வையா போர்த்தறாங்க. "வெளியில நல்லவன், அதனால உள்ளே செய்யறதும் காதல்தான்"னு ஆயிடுது. தமிழ் இணைய நாவல்கள்ல 'ஆன்டி ஹீரோ'ன்னு போட்டு, கட்டாயத் தாலி கட்டினவன் கடைசி அத்தியாயத்துல மன்னிப்புக் கேட்டா எல்லாம் சரின்னு முடிக்கிற கதைகளைப் படிச்சவங்களுக்கு இந்தக் கணக்கு புதுசில்லை. அதே நாவல்ல பழைய மாளிகை, கொள்ளுப்பாட்டியோட டைரி, அவளைப் பின்தொடர்ந்தவன் யாருங்கிற பழைய மர்மம்னு ஒரு இழை ஓடுது. அதை மட்டும் தனியா எழுதியிருந்தா அருமையான கோதிக் நாவல் கிடைச்சிருக்கும்.

பொதுவா ஒரு விஷயம். கடையில, செயலியில, ரீல்ஸ்ல 'டார்க்'னு ஒரே சொல்லை மூணு வேற சரக்குக்கு ஒட்டறாங்க. ஒண்ணு, காதலனே ஆபத்தா இருக்கிற டார்க் ரொமான்ஸ். ரெண்டு, உலகம் இருண்டது, காதலன் அல்ல. போர், சாபம், பிசாசு. மூணு, காதல் இருந்தாலும் இல்லாட்டியும் நிக்கிற திகில், கோதிக். நீங்க கேக்கறது ரெண்டாவதும் மூணாவதும். பின்னட்டையில 'அவளை விடமாட்டான்', 'அவள் அவனுக்குச் சொந்தம்'ங்கிற தொனி இருந்தா முதல் வகை. சாபம், ராஜ்யம், ஒப்பந்தம், விலைங்கிற சொற்கள் இருந்தா பெரும்பாலும் ரெண்டாவது.

டார்க் ரொமான்ஸ் எழுதறவங்க பலர் முன்பக்கத்துலயே எச்சரிக்கைப் பட்டியல் போடறாங்க. அதை வாங்கறதுக்கு முன்னாடி படிங்க. கிண்டில்ல இலவச மாதிரிப் பகுதியை இறக்கினா பெரும்பாலும் அந்தப் பக்கம் உள்ளே வந்துடும். பட்டியல்ல 'நான்-கான்'னு இருந்தா சம்மதம் இல்லை. 'டப்-கான்'னு இருந்தா சம்மதம் சந்தேகத்துக்கு உரியது, அதாவது மிரட்டலோ மயக்கமோ பேரமோ நடுவுல இருக்கு. ரெண்டுமே உங்களுக்கு ஆகாது. பட்டியலே இல்லைங்கிறதால பத்திரம்னும் நினைக்காதீங்க. பெரிய பதிப்பகங்கள் வெளியிடற ஃபேன்டசி நாவல்கள் பலதுல எச்சரிக்கை இருக்காது.

பிரின் வீவரோட 'புட்சர் அண்ட் ப்ளாக்பேர்ட்' (2023) உங்களுக்கு ஒத்துவரலாம். ரெண்டு பேரும் கொலைகாரங்களைக் கொல்ற கொலைகாரங்க. தொடக்கத்துலயே ஸ்லோன் தான் கொன்னவனோட வீட்டுக் கூண்டுல, பிணத்துக்குப் பக்கத்துல மாட்டிக்கிட்டு இருப்பா. ரோவன் வந்து திறந்துவிடறான். அதுக்கப்புறம் வருஷத்துக்கு ஒரு வேட்டைப் போட்டி, வருஷத்துக்கு ஒரு தடவை சந்திப்பு. ரத்தம், சதை, குமட்டல் எல்லாம் உண்டு. உறவுக் காட்சிகளும் வெளிப்படையானவைதான். ஆனா காதலர்களுக்குள்ள வற்புறுத்தல் கிடையாது. சாப்பிட்டுக்கிட்டே படிக்காதீங்க, ஐஸ்கிரீம் வர்ற இடத்துக்கு அப்புறம் ரொம்ப நாளைக்கு அது பிடிக்காது.

ஏழிலைப்பாலை:

மையிருட்டு சொன்ன 'விலை' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறேன். ரொமான்டசியைத் தரம்பிரிக்க அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. மந்திரம் பயன்படுத்தினால் என்ன இழக்க வேண்டும்? அந்த இழப்பு காதலின் மேல் வந்து விழுகிறதா? இரண்டுக்கும் பதில் இருந்தால் நாவல் நிற்கும். மந்திரம் இலவசமாகக் கிடைத்தால், ஆசிரியர் காதலர்களைப் பிரித்துவைக்க வேறு வழியில்லாமல் தவறான புரிதல்களையும் சொல்லாத ரகசியங்களையும் கொண்டுவர வேண்டியிருக்கும். அயர்ன் ஃபிளேமில் நடப்பது அதுதான்.

இந்த அளவுகோலில் அண்மைய நாவல்களில் எனக்கு முதலிடம் ரேச்சல் கில்லிக்கின் 'ஒன் டார்க் விண்டோ' (2022). இரண்டே பாகம். அடுத்தது 2023ல் வந்த 'டூ ட்விஸ்டட் க்ரௌன்ஸ்'. அதோடு கதை முடிந்துவிடுகிறது.

ப்ளண்டர் என்ற ராஜ்யத்தை மூடுபனி சூழ்ந்திருக்கிறது. அங்கே மந்திரம் என்பது சீட்டுகள். பன்னிரண்டு வகை. சீட்டை மூன்று முறை தட்டினால் வேலை செய்யும், மறுபடி மூன்று முறை தட்டினால் நிற்கும். அவ்வளவுதான் விதிமுறை, ஐந்தாவது நிமிடத்தில் மனப்பாடமாகிவிடும். ஆனால் ஒவ்வொரு சீட்டும் அளவு மீறினால் திருப்பி வாங்கும். சாலிஸ் சீட்டு எதிராளியை உண்மை பேச வைக்கும், அதிகமானால் விஷமாகும். அரசகுடும்பத்தின் சைத் சீட்டு பிறரை ஆட்டுவிக்கும், ஆட்டுவிப்பவருக்கு வலி வரும். மெய்டன் சீட்டு அழகு தரும், கூடவே இதயத்தைக் கல்லாக்கும். இந்தக் கடைசிச் சீட்டை இரண்டாம் பாகத்தில் ஆசிரியர் பயன்படுத்தும் விதம்தான் நான் சொல்ல வருவது. அதைப் பயன்படுத்தும் அயோனி என்ற பெண் அழகாக இருக்கிறாள், எதையும் உணர முடியவில்லை. அவளை நேசிக்கிற எல்முக்குக் கிடைப்பது ஓர் ஒளிவீசும் முகம் மட்டும். அந்தச் சீட்டைத் தேடி நிறுத்துவதும் அவள் மனதைத் தேடுவதும் ஒரே வேலையாகிவிடுகிறது. காதலுக்குத் தடையாக வில்லனோ வதந்தியோ தேவைப்படவில்லை, மந்திரத்தின் விலையே போதும்.

கதாநாயகி எல்ஸ்பெத்தின் நிலை இன்னும் கொடுமை. அவள் தலைக்குள் நைட்மேர் என்ற பழைய உயிர் குடியிருக்கிறது. ஆபத்தில் அதை உதவிக்குக் கூப்பிட்டால் அடிப்பவர்களை அடித்துக் காப்பாற்றும். ஆனால் ஒவ்வொரு முறையும் அவளுக்குள் இன்னும் கொஞ்சம் இடம் பிடித்துக்கொள்ளும். காதலன் ரேவனோடு நெருங்க நெருங்க ஆபத்து கூடுகிறது, ஆபத்து கூடக் கூட உதவி தேவைப்படுகிறது, உதவி கேட்கக் கேட்க ரேவன் நேசிக்கும் பெண் குறைந்துகொண்டே போகிறாள். நீங்கள் கேட்ட இருள் இதுதான். உறவுக் காட்சி உண்டு, கொஞ்சம்தான், வற்புறுத்தல் இல்லை.

குறையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஐம்பது பக்கத்தில் குடும்பங்கள் எல்லாம் மரங்களின் பெயரில் வருவதால் யார் யாருடைய மகன் என்று குழம்பும். அரசகுடும்பம் ரோவன், படைத்தலைவன் குடும்பம் யூ, எல்ஸ்பெத் ஸ்பிண்டில் குடும்பம், மாமா வீடு ஹாதார்ன். இந்த நான்கை ஓரத்தில் குறித்துக்கொண்டால் போதும்.

அடுத்து தாஷா சூரியின் 'தி ஜாஸ்மின் த்ரோன்' (2021). 2022க்கான உலக ஃபேன்டசி விருது பெற்ற நாவல். 'தி ஓலியாண்டர் ஸ்வோர்ட்' (2022), 'தி லோட்டஸ் எம்பயர்' (2024) என்று மூன்று பாகத்தில் முடிந்துவிட்டது. இந்திய மரபிலிருந்து எடுத்த உலகம் என்பதால் நம் ஊர் வாசகர்களுக்கு முதல் பக்கத்திலிருந்தே கால் ஊன்ற இடம் கிடைக்கும்: கோயில் பிள்ளைகள், சேடிப்பெண்கள், யக்ஷர்கள், தீயில் இறங்கிய தாய்மார்கள். தீக்குளிக்க மறுத்த இளவரசி மாலினியை அவள் அண்ணன் மலைமேல் இருக்கும் இடிந்த ஹிரானா கோயிலில் சிறைவைக்கிறான். மது என்ற பெயரில் விஷப்பூச் சாறு கொடுத்து அவளை மெல்ல மெல்லத் தேய்க்கிறார்கள். பிரியா அங்கே வேலைக்கு வரும் சேடி. இருட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாறையில் ஏறிப் போகும் காட்சியில், மற்றவர்களுக்கு வழுக்குகிற கல் அவள் காலடிக்கு மட்டும் பழகியதாக இருக்கும். அவள் யார் என்பது வாசகருக்கு அங்கே பொறிதட்டும். ஊரில் பரவும் நோயும் மறக்க முடியாதது: மனித உடம்பிலிருந்து தளிரும் இலையும் முளைக்கின்றன.

இது இரண்டு பெண்களுக்கிடையேயான காதல். மெதுவாகவே வளரும். ஒருத்திக்கு அரியணை வேண்டும், ஒருத்திக்குத் தன் மண் வேண்டும், இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. இருவரும் ஒருவரையொருவர் பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்று இருவருக்கும் தெரியும். நந்தினியின் பழியையும் ஏக்கத்தையும் 'பொன்னியின் செல்வ'னில் ரசித்தவர்களுக்கு மாலினியைப் பிடிக்கும் என்று தயங்காமல் சொல்வேன். பார்வைக் கோணம் பலரிடம் மாறிக்கொண்டே போவது மட்டும் வேகத்தை உடைக்கும். ஃபோர்த் விங் மாதிரி ஒரே இரவில் முடிக்கிற புத்தகம் இல்லை.

சாம்பல்புறா:

அகோடார், அதாவது 'எ கோர்ட் ஆஃப் தோர்ன்ஸ் அண்ட் ரோஸஸ்' தொடர் பற்றிய கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

ஆமாம், 2016ல் வந்த இரண்டாம் பாகம் 'எ கோர்ட் ஆஃப் மிஸ்ட் அண்ட் ஃப்யூரி' வேறு தரம். ஆனால் முதல் பாகத்தைத் தள்ளிவிட்டு அதற்குப் போக முடியாது, ஏனென்றால் இரண்டாம் பாகம் செய்வதே முதல் பாகத்தைத் திரும்பப் படிப்பதுதான். முதல் பாகத்து முடிவு சுபம் மாதிரி இருக்கும். அடுத்ததைத் திறந்தால் கதாநாயகி ஃபேரா இரவில் எழுந்து வாந்தி எடுக்கிறாள், ஓவியம் வரைய முடியவில்லை, சிவப்பு நிறமே ஆகவில்லை. கல்யாண நாளன்று வழியெங்கும் தூவிய சிவப்பு ரோஜா இதழ்கள் அவளுக்கு ரத்தமாகத் தெரிகின்றன, கால் நகரவில்லை. மணக்கவிருக்கும் டேம்லின் அவளைக் காப்பதாக நினைத்து வீட்டுக்குள் அடைத்துவைக்கிறான். முதல் பாகத்தில் காவலாகத் தெரிந்த அதே குணம் இங்கே சிறையாகிறது. காதலன் மாறும் கதை என்று சுருக்கிச் சொல்கிறார்கள், அது போதாது.

எழுத்தறிவை வைத்து ஆசிரியர் சாரா மாஸ் செய்தது இன்னும் நுட்பம். ஃபேராவுக்குப் படிக்கத் தெரியாது. முதல் பாகத்துச் சோதனை ஒன்றில் சுவரில் எழுதியிருப்பதைப் படித்தால்தான் பிழைக்க முடியும், அவளால் முடியாது. இரண்டாம் பாகத்தில் இன்னொரு ஃபேரிப் பிரபுவான ரைசாண்ட் முதலில் செய்வது அவளை உட்காரவைத்து எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பது. யார் அவளை மூடிவைத்தார், யார் அவளுக்குக் கருவியைக் கையில் கொடுத்தார் என்ற வேறுபாடு அந்தப் பாடவேளையிலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிற உறவுக் காட்சிகள் எல்லாம் அதன் விளைவுதான்.

மூன்றாவது போர்க்கதை. நான்காவது மெல்லிய இடைநூல், விட்டாலும் பெரிய நஷ்டமில்லை. 2021ல் வந்த ஐந்தாவது ஃபேராவின் அக்கா நெஸ்டாவின் கதை. கோபம், குடி, துக்கம் மூன்றையும் சுமந்துகொண்டு காற்று மாளிகையின் பத்தாயிரம் படிகளை இறங்கப் பார்க்கிறாள், ஒவ்வொரு முறையும் பாதியில் திரும்புகிறாள். அவள் எத்தனையாவது படிவரை போனாள் என்பதை வைத்தே அவள் மனம் தேறுவதை அளக்கலாம். பிடிக்காத பெண்ணாக எழுதப்பட்ட ஒருத்தியைக் கதாநாயகியாக்கிக் காட்டியது துணிச்சல்.

பதினைந்து வயதுக்கு வருகிறேன். அகோடார் முதலில் இளையோர் நாவலாக விற்கப்பட்டது, பிறகு பெரியவர்களுக்கான வரிசைக்கு மாற்றினார்கள். பழைய அட்டையைப் பார்த்து ஏமாறாதீர்கள். இரண்டாம் பாகம் முதல் மேல்தட்டு. யாரோஸ் தொடரும் மேல்தட்டு, கல்லூரிக் கதை என்பதால் பலர் தவறாக நினைக்கிறார்கள். அவளுக்கு ரெபெக்கா ராஸின் 'டிவைன் ரைவல்ஸ்' (2023) கொடுங்கள். ஐரிஸ், ரோமன் இருவரும் ஒரே நாளிதழில் ஒரே பதவிக்குப் போட்டி போடுகிறவர்கள். போருக்குப் போன அண்ணனுக்கு அவள் தட்டச்சு செய்யும் கடிதங்களை அலமாரிக் கதவுக்கு அடியில் தள்ளுகிறாள், அவை போய்ச் சேருவது ரோமனின் அறைக்கு. ஏழிலைப்பாலையின் அளவுகோலில் இங்கே மந்திரம் மிகச் சிறியது, அலமாரியும் தட்டச்சுப்பொறியும் மட்டும். ஆனால் ரோமனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது என்ற ஏற்றத்தாழ்வு முழுக் கதையையும் இழுத்துச் செல்கிறது. பின்பாதி போர்முனை, பதுங்குகுழி, காயம் எல்லாம் உண்டு. உறவுக் காட்சி ஒன்று நாசூக்காக வரும். முதல் பாகம் மோசமான இடத்தில் நிற்கும், 'ரூத்லெஸ் வௌஸ்' பக்கத்தில் இருக்கட்டும்.

ஹாலி ப்ளாக்கின் 'தி க்ரூயல் பிரின்ஸ்' (2018) தொடரும் அவளுக்கு ஆகும். மூன்று பாகம், முடிந்துவிட்டது. அந்த உலகத்தில் ஃபேரிகளுக்குப் பொய் சொல்ல முடியாது, மனுஷியான ஜூடுக்கு முடியும். அரண்மனைச் சதி முழுவதும் அந்த ஒரே விதியின் மேல் சுழல்கிறது. அவள் தினமும் துளித் துளியாக விஷம் தின்று உடம்பைப் பழக்குவது பயங்கரமாக இருக்கும். காதலைவிட அதிகாரம்தான் இங்கே முதல்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. இந்த வகை நாவல்களுக்கு நடைபாதையில் கள்ளப்பதிப்பு நிறைய. அட்டைப்படத்தில் எழுத்தின் ஓரம் மங்கியிருக்கும், தாள் மறுபக்கம் தெரியும், உள்ஓரம் குறுகி வரியின் கடைசி எழுத்து முதுகுக்குள் போயிருக்கும். அதைவிட மோசம், நடுவில் ஒரு ஃபாரமே, அதாவது ஒரு பக்கக் கட்டே, விட்டுப்போயிருக்கும், அல்லது இரண்டு தடவை சேர்ந்திருக்கும். கடையில் நின்றே பக்க எண்களை விரலால் ஓட்டிப் பாருங்கள். கடைசி ஐம்பது பக்கத்தை முக்கியமாகப் பாருங்கள், முடிவு இல்லாத புத்தகம் கைக்கு வந்தால் மாற்றித் தரமாட்டார்கள்.

கார்த்திகைப்பூ:

எல்லோருக்கும் நன்றி. ஆட்லைன் வேண்டாம், ஒன் டார்க் விண்டோதான் அடுத்தது என்று முடிவாகிவிட்டது. அயர்ன் ஃபிளேமைத் தாழ்வாரம் சொன்ன மாதிரி ஏடு தேடும் அத்தியாயங்களைப் பிடித்துக்கொண்டு தொடர்கிறேன். ஒரே ஒரு கூடுதல் கேள்வி: 'ஆல்கெமைஸ்டு' பற்றி ஒருவரும் சொல்லவில்லையே? இருள் என்று தேடினால் முதலில் வருவது அதுதான்.

மையிருட்டு:

வேணும்னேதான் சொல்லலை. ஸென்லின்யு எழுதி 2025 செப்டம்பர்ல வந்தது. ஆயிரம் பக்கம் தாண்டும், ஆனா ஒரே நாவல், தொடர் கிடையாது. முதல்ல ரசிகர் புனைவா இணையத்துல ஓடினது, உலகத்தையும் பெயர்களையும் மாத்தி அச்சுக்குக் கொண்டுவந்தாங்க.

ஹெலினா தோத்த பக்கத்துக் கைதி. அவளோட நினைவுல ஒரு பகுதி காணோம், அதுக்குள்ள என்ன இருக்குன்னு தோண்ட எதிரிப் பக்கத்து கேய்ன் ஃபெரான்கிட்ட அவளை ஒப்படைக்கறாங்க. முதல் பகுதி முழுக்க அந்தச் சிறைவாசம். ரெண்டாவது பகுதி போர் நடந்த காலத்துக்குப் பின்னோக்கிப் போகும். அதைப் படிச்சதும் முதல் பகுதியில பார்த்த ஒவ்வொரு அசைவுக்கும் வேற அர்த்தம் வரும். அந்த அமைப்புக்காக நான் அதை ரொம்ப மதிக்கிறேன். 'விலை' விஷயத்துலயும் இது தளர்வே காட்டாது. ஹெலினா வைத்தியம் செய்யறவ, ஒவ்வொரு உயிரைக் காப்பாத்தவும் தன்னோடதுலேர்ந்து எடுத்துக் கொடுக்கறா.

ஆனா அதுல பாலியல் வன்முறை இருக்கு, கதையோட நடுவுலயே இருக்கு, சுத்திப் போக வழியில்லை. அதைக் காதல்னு பூசி மெழுகலை, வன்முறைன்னுதான் காட்டறாங்க. நீங்க போட்ட நிபந்தனை 'காதல் என்று எழுதியிருந்தால்'ங்கிறது, அதனால முடிவு உங்களோடது. எடுத்தா, முதல் முந்நூறு பக்கம் மூச்சுமுட்டும்னு தெரிஞ்சே எடுங்க. படிக்கிற மாசத்துல பக்கத்துல இன்னொரு லேசான புத்தகம் வச்சுக்கோங்க, எமிலி ஹென்றியோட 'ஃபன்னி ஸ்டோரி' மாதிரி: நிச்சயம் முறிஞ்ச நூலகரும், அவளை விட்டுட்டுப் போனவனோட புதுக் காதலியோட பழைய காதலனும் ஒரே வீட்டுல தங்கற கதை. குழந்தைகள் நூலகத்துல அவ வேலை பார்க்கிற பகுதிகள் நல்லா இருக்கும்.

ஏழிலைப்பாலை:

ஒன் டார்க் விண்டோ தொடங்கும் முன் ஒன்று. ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் நாலைந்து வரிப் பாட்டு இருக்கும், பழைய ஏட்டிலிருந்து எடுத்தது என்ற பாவனையில். அலங்காரம் என்று தாண்டிவிடாதீர்கள். எந்தச் சீட்டு என்ன விலை கேட்கும் என்பதும், பன்னிரண்டாவது சீட்டு எங்கே என்பதும் அந்த வரிகளுக்குள்தான் இருக்கின்றன. சத்தமாக ஒருமுறை வாசித்துவிட்டு உள்ளே போங்கள். கிண்டிலில் படித்தால் அத்தியாயம் நேராக முதல் பத்தியில் திறக்கும் சில நேரம், ஒரு பக்கம் பின்னால் தள்ளிப் பாருங்கள்.